கோலா சாம்ப்ளர்: படுவான்கரை மத்தளத்தைப் போனுக்குள் வைத்துத் தந்த செயலி

போனில் இசை செய்ய எந்தச் செயலி நல்லது என்று ஊரில் பெடியன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்கு வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதுவதை விட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். என் பதில் கோலா சாம்ப்ளர், எந்தச் சத்தத்தையும் பதிந்து அதைத் தட்டி வாசிக்க விடுகிற செயலி. ஒருமுறை காசு கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது, அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் ஓடும். ஆனால் எல்லா வேலைக்கும் இது சரிவராது. அதையும் கீழே சொல்கிறேன், வாசித்துவிட்டு வாங்குங்கள்.

நான் இதற்குள் வந்தது 2022இல். அந்த மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டில் இருந்த பழைய லாப்டொப் வயரைக் கழற்றினால் ஐந்து நிமிடம் தாங்காது, கீபோர்ட்டுக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் வருகிற நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டு வைத்தால் இரவுக்கு அது மட்டும்தான் மிச்சம். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு முற்றத்தில் பாயை விரித்து, நுளம்புத்திரி கொளுத்தி வைத்து, அந்தச் சின்னத் திரை வெளிச்சத்தில்தான் பழகினேன்.

முதலில் இலவசமானதைத்தான் இறக்கினேன். பாண்ட்லாப், சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்துடையது. உண்மையிலேயே நல்ல செயலி. குரலைப் பல அடுக்காகப் பதியலாம், சுருதி திருத்தும் வசதி இருக்கிறது, போனில் தொடங்கிய பாட்டைப் பிறகு கம்ப்யூட்டர் பிரௌசரில் திறந்து தொடரலாம். பாடுகிறவர்களுக்கும் ராப் செய்கிறவர்களுக்கும் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் காசுக்கு வாங்க வேண்டும், பெல்ஜியத்து இமேஜ்-லைன் நிறுவனத்தின் செயலி, பியானோ ரோலில் சுரம் சுரமாக வைத்துக் கட்டுகிற பொறுமை உள்ளவர்களுக்கு அது. அதில் செய்ததை லாப்டொப்பில் இருக்கிற பெரிய எஃப்எல் ஸ்டூடியோவுக்குள் திறக்கலாம் என்பது பெரிய வசதி. கராஜ்பாண்ட் ஐபோன்காரர்களுக்கு இலவசம். என்னிடம் ஐபோன் இல்லை, ஆகவே அதைப் பற்றி நான் கதைக்கவில்லை.

எனக்கு வந்த சிக்கல் வேறு. ட்ரம்ஸ் பட்டியலைத் திறந்தால் ட்ராப், ஹவுஸ், ஹிப்ஹொப் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். தேடினால் தபலா கிடைக்கும். கூத்து மத்தளம் கிடைக்காது, அதோடு தட்டுகிற கைத்தாளமான சல்லரி கிடைக்காது. சின்ன வயதில் விடிய விடியக் கூத்தாடுகிற களரிக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக் கேட்ட சத்தம் நான் தேடிய எந்தப் பட்டியலிலும் இல்லை. அது வேண்டும் என்றால் நாங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

கோலா அந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. மாரெக் பெரெசா என்பவர் உருவாக்கிய செயலி. திறந்தால் 16 சதுரக் கட்டங்கள், அப்படி நான்கு பக்கம், மொத்தம் 64. ஒரு கட்டத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் மைக் திறக்கும், விரலை எடுத்தால் பதிவு நிற்கும், மறுபடி தட்டினால் பதிந்த சத்தம் அதிலிருந்து வரும். இவ்வளவுதான், பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் முதலாவதாகப் பதிந்தது அம்மா திருவலையில் தேங்காய் திருவிய சத்தத்தை. அந்தக் கரகரப்பை அரை செக்கனுக்கு வெட்டி வேகமாகத் தட்டினால் நல்ல ஷேக்கர். போட்டுக் காட்டியபோது "இது என்ட திருவலையா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டா.

அப்புறம்தான் மத்தளம். மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போனால் எனக்குப் பெரியப்பா முறையான ஒரு அண்ணாவியார் இருக்கிறார், வடமோடிக் கூத்துப் பழக்குகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன்.

"என்ன மனே, போனுக்குள்ள மத்தளத்த வைக்கப் போறியா?"

"ஓம் பெரியப்பா. ஒவ்வொரு அடியா தனித்தனியா அடிங்க, நான் எடுத்துக்கொள்றன்."

"தனித்தனியா அடிச்சா அது தாளமா மனே?"

அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அடித்துத் தந்தார். வலந்தலையில் நான்கு வகை, இடந்தலையில் மூன்று வகை, இரண்டும் சேர்ந்தது இரண்டு, சல்லரி திறந்த அடி ஒன்று, மூடிய அடி ஒன்று. வீட்டுக்கு வந்து கேட்டால் பாதி பழுது. மத்தளத்தின் முதல் அடி வெடித்துப் போய்க் கிடந்தது, சல்லரியின் நீண்ட ஓசையை இரைச்சல் என்று நினைத்துப் போன் தானாகவே அமுக்கி விட்டிருந்தது. போன் மைக் கதைக்கிற குரலுக்காகச் செய்தது, தோல் வாத்தியத்துக்கு அல்ல. அதற்குப் பிறகு நாலைந்து தரம் போய் வந்து நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். மத்தளத்திலிருந்து போனை குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள், மேசையில் வைக்க வேண்டாம், மேசையின் அதிர்வும் ஏறும், மடித்த சாரத்தின் மேல் வையுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் முற்றத்தில் பதியவே வேண்டாம், அறைக்குள் போங்கள். அறையில் தலையணை, பாய், துணி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. போனை ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள், மிக நல்ல ஒரு அடியின் நடுவில் எனக்கு அழைப்பு வந்தது. இன்னொன்று, கேட்டுப் பதியுங்கள். கோயில் சடங்கிலோ களரியிலோ ஒளித்துப் பதிந்து பாட்டில் போடுவது சரியில்லை. அந்த அடிக்குப் பின்னால் ஒரு ஆளின் நாற்பது வருட உழைப்பு இருக்கிறது.

பதிந்த பிறகு வெட்டுவது முக்கியம். கட்டத்தைத் திறந்தால் ஒலியின் அலை வடிவம் தெரியும். அதை விரல்களால் விரித்துப் பெருப்பித்துப் பார்த்தால், அடி விழுவதற்கு முன்னால் தட்டையான ஒரு கோடு கிடக்கும், கையை ஓங்கிய நேரம் அது. அந்தக் கோட்டை அலை எழும்புகிற இடம் வரைக்கும் வெட்டி எறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் சரியாகத் தட்டினாலும் சத்தம் பிந்தி வரும், பிறகு செயலியைக் குறை சொல்வீர்கள். 64 கட்டத்துக்கும் இருந்து வெட்டினேன், இரண்டு இரவு போனது, அதற்குப் பலன் இருந்தது.

சரி, இப்போது தாளம். மற்றச் செயலிகளைப் போலவே கோலாவிலும் குவான்டைஸ் இருக்கிறது, நீங்கள் தட்டியதைக் கிட்டிய கோட்டுக்கு இழுத்து நேராக வைக்கிற வசதி. ஹிப்ஹொப் பீட்டுக்கு அது அருமை. ஆடுகிறவர் களரிக்குள் வரும்போது அடிக்கிற ஒரு வரவுத் தாளத்தை நான் தனித்தனி அடிகளால் கட்டி, குவான்டைஸ் போட்டு, ஒரு மயிரிழை பிசகாமல் நேராக்கி, பெரிய சந்தோசத்தோடு கொண்டுபோய் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டவும் இல்லை, காலைத் தட்டவும் இல்லை. கடைசியில் "மனே, இதுக்கு ஆர் ஆடுவான்?" என்றார். பிறகு மத்தளத்தை எடுத்து அதையே அடித்தார். தாளக்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே அடித்தவர், "தெய்யே" என்று முடிகிற இடத்துக்கு வரும்போது கடைசி அடியைக் கொஞ்சம் பிந்தி வைத்தார். ஒவ்வொரு தரமும். ஆடுகிறவர் கிறுகி, அதாவது சுற்றித் திரும்பி, நிற்பதற்கு அந்த இடைவெளி வேண்டும், அதை அவர் விட்டுக் கொடுக்கிறார். என் போன் அந்த இடைவெளியைப் பிழை என்று எடுத்து மூடிவிட்டது.

அதனால் கூத்து, பறை, உடுக்கு, கல்முனைப் பக்கத்து றபான் என்கிற கைப்பறை என்று எங்கள் பக்கத்து எதைச் செய்வதானாலும் குவான்டைஸை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கோலாவில் அது ஒரு தட்டில் நிற்கும். இன்னும் நல்ல வழி, முழுத் தாளக்கட்டையும் அவரே அடிக்க ஒரே கட்டத்தில் பதிந்து, தொடக்கத்தையும் முடிவையும் சரியாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி லூப் போட்டுக்கொள்வது. அப்போது தாளத்தின் நீளத்தை நாலு நாலாகப் பிரித்த கோடுகள் தீர்மானிக்காது, அடித்தவர் கை தீர்மானிக்கும். அதற்கு மேல் உங்கள் பேஸையும் ஷேக்கரையும் காதால் கேட்டுத் தட்டிப் போடுங்கள். எனக்கு முதலில் பத்துத் தரம் பிழைத்தது. அந்தப் பத்துத் தரத்தில்தான் தாளம் எனக்குள் இறங்கியது.

பதிந்த ஒலியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போடலாம், ஒரு பதிவைப் பல துண்டாக வெட்டிக் கட்டங்களில் பரப்பலாம். எதிரொலி, டிலே, ரோபோக் குரல் என்று 16 எஃபெக்ட் இருக்கிறது, தட்டிக்கொண்டே நேரடியாகச் சேர்க்கலாம். எல்லாம் சேர்த்து ஓடுவதையே இன்னொரு கட்டத்துக்குள் மறுபடி பதியலாம். இந்தக் கடைசி வசதி எனக்கு மிகவும் பிடித்தது. சல்லரி மூடிய அடியில் எதிரொலியைப் போட்டு மறுபடி பதிந்து, அதைச் சுருதி இறக்கியபோது வந்த சத்தத்தை வேறு எந்தக் கருவியிலும் நான் கேட்டதில்லை.

புளூடூத் ஹெட்போன் பாவிக்காதீர்கள். விரல் பட்டதற்கும் காதில் விழுவதற்கும் நடுவில் வரும் தாமதம்தான் போன் இசையின் பெரிய எதிரி. சத்தம் காற்றில் ஒரு செக்கனுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். களரியில் மத்தளத்துக்கு மூன்றரை மீட்டர் தள்ளி ஆடுகிறவருக்கு அடி ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு பிந்தித்தான் கேட்கிறது, யாருக்கும் அது தெரிவதில்லை. புளூடூத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு செக்கன் வரைக்கும் போகும், கிட்டத்தட்ட 70 மீட்டருக்கு அப்பால் வாவிக்குள் தோணியில் இருந்து மத்தளம் அடிப்பதற்குச் சமம். அதைக் கேட்டு யாரால் தாளம் பிடிக்க ஏலும்? வயர் ஹெட்போன் பாவியுங்கள். அன்ட்ரொய்டில் 8ஆம் பதிப்போடு ஒலி வேகமாகப் போய்வர வழி செய்தார்கள், ஆனாலும் போனுக்குப் போன் வித்தியாசம் இருக்கிறது, மலிவான சில போன்களில் வயர் போட்டாலும் கொஞ்சம் பிந்தும். நண்பரின் போனில் ஒருக்கால் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனிக் குறைகள். நீளமாகப் பாடிப் பதிய இது நல்ல இடம் இல்லை. நான் தாளத்தைக் கோலாவில் கட்டி, வேவ் கோப்பாக வெளியே எடுத்து, பாண்ட்லாப்பில் ஏற்றி அதன் மேல் பாடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் முழுப் பாட்டும் போனிலேயே முடியும். வேவ் கோப்பு நிமிடத்துக்கு சுமார் 10 எம்பி வரும், அதை வட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பாமல் டொகியூமென்டாக அனுப்புங்கள், தரம் குறையாமல் போய்ச் சேரும்.

கீபோர்ட் முறை இருக்கிறது, பதிந்த ஒரு சத்தத்தை 9 வகை ஸ்கேலில் சுரமாக வாசிக்கலாம். சின்ன மெட்டுக்குப் போதும். கூத்து விருத்தத்தில் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகிற இடம் இதில் வராது. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் ஒரு ஸ்தாயிக்கு 22 அலகு என்று கணக்குப் பார்த்து எழுதிய நுணுக்கம் கீபோர்ட்டின் 12 கட்டைக்குள் எப்படி அடங்கும்? அந்த இடத்தைப் பாடித்தான் தீர வேண்டும்.

செய்ததை அடிக்கடி வெளியே எடுத்து வையுங்கள். போனை ரீசெட் செய்த அன்று பிரதி எடுக்காமல் விட்டதால் மூன்று கிழமை வேலை போய்விட்டது, அந்த முதலாவது மத்தளப் பதிவும் அதோடு போனது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பென்டிரைவில் போடுகிறேன்.

சமுராய் என்று ஒரு மேலதிக வசதி இருக்கிறது, தனியாகக் காசு. வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் அண்ணாவியார் கேட்டார், "மனே, இத இன்னும் கொஞ்சம் ஆறுதலா ஓட வைக்க ஏலுமா? மறுகா பேரனுக்குக் காட்டலாம்." அவருக்கு இப்போது முழங்கையில் நோவு, ஒரே தாளத்தை நூறு தரம் அடித்துக் காட்ட முடிவதில்லை. சாதாரணமாக வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கி மத்தளம் தொய்ந்த மேளம் மாதிரிக் கேட்டது, அவர் முகத்தைச் சுளித்தார். சமுராயில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். வாங்கினேன். வரவுத் தாளத்தை மூன்று வேகத்தில் எடுத்துக் கொடுத்தேன். பொடியன் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் போனைக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டு முற்றத்தில் ஆடுகிறான், அண்ணாவியார் கதிரையில் இருந்தபடி வாயால் தாளக்கட்டைச் சொல்கிறார். "தெய்யே" வருகிற இடத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது, அவன் கிறுகி நிற்கிறான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இன்னொரு வேகம் வேண்டும் என்று நேற்றுச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வருகிற ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.