401கே ரோல்ஓவர்: நேரடியா, 60 நாள் வழியா?

அமெரிக்காவில் வேலை மாறும்போது பழைய கம்பெனியின் 401கே (கம்பெனி வழியான ஓய்வுகாலச் சேமிப்பு) பணத்தை ஐஆர்ஏ (நாமே தொடங்கும் ஓய்வுகாலச் சேமிப்பு) கணக்குக்கு இரண்டு வழிகளில் மாற்றலாம். இதைத்தான் ரோல்ஓவர் என்கிறார்கள். இரண்டையுமே வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். "வரிதான் இல்லையே, எதற்கு எழுதணும்?" என்று விட்டுவிடாதீர்கள். பணம் வெளியே போனதைக் காட்டும் 1099-ஆர் படிவத்தின் நகல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போகிறது.

நேரடி மாற்றத்தில் பணம் உங்கள் கைக்கு வருவதில்லை. 1099-ஆரில் 7-ஆம் கட்டத்தில் 'ஜி' என்றிருக்கும். 1040 என்ற ஆண்டு வரிப் படிவத்தில் 5ஏ என்ற இடத்தில் முழுத் தொகை, 5பி-யில் சைபர், பக்கத்தில் ரோல்ஓவர் என்ற குறிப்பு. வேலை முடிந்தது. (வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் ஐஆர்ஏவுக்கு மாற்றினால் கதை வேறு; அதற்கு வரி உண்டு.)

பணத்தைக் கையில் வாங்கி நீங்களே ஐஆர்ஏவில் போடும் 60 நாள் வழியில்தான் சிக்கல். 50,000 டாலர் இருந்தால் 20% வரிப்பிடித்தம் போக 40,000தான் கைக்கு வரும். ஆனால் 60 நாளுக்குள் ஐஆர்ஏவில் போட வேண்டியது முழு 50,000. குறையும் 10,000-ஐ உங்கள் சேமிப்பிலிருந்து புரட்ட வேண்டும். போட்டுவிட்டால் 5பி-யில் சைபர். பிடித்த 10,000-ஐ 1040-இன் 25பி-யில் காட்டினால் வரிக்கணக்கில் வரவாகும். 40,000 மட்டும் போட்டால் மீதி 10,000 அந்த ஆண்டு வருமானம். 59½ வயது ஆகவில்லையென்றால், விதிவிலக்கு ஏதும் இல்லாதவரை, கூடுதலாக 10% வரி, அதாவது 1,000 டாலர்.

இந்த வழியில் 1099-ஆர் வரி உண்டு என்றே காட்டும். பணம் போட்ட தேதியுள்ள ஸ்டேட்மெண்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வந்து சேர்ந்ததைக் காட்டும் ஐஆர்ஏ நிறுவனத்தின் 5498 படிவம் பெரும்பாலும் வரித் தாக்கலுக்கான ஏப்ரல் 15 கெடு தாண்டி, மே மாதம்தான் வரும்.

என்னைக் கேட்டால், நேரடி வழியே போங்கள்.