பெங்களூரைச் சுற்றி ஒரு தமிழ்ப் பயண வலைப்பூ: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பயண வலைப்பூ தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வலைப்பூ நடத்த உதவும் தளங்களில் பிளாக்கரா வேர்ட்பிரஸ்ஸா என்பதுதான். நான் அல்சூரில் இருக்கிறேன். பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றி மட்டும் தமிழில் எழுதுகிறேன். இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியாயிற்று. எதில் எழுதினாலும் அதிக நேரத்தை வாங்குவது, எழுதியதைப் பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

பிளாக்கர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது. இன்றும் இலவசம். சொந்தமாக ஒரு டொமைன், அதாவது தளத்துக்கான இணையப் பெயர், வாங்கி அதில் இணைத்துக்கொண்டாலும் கூகுளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. புதியவருக்கு இது போதும் என்றுதான் இப்போதும் சொல்வேன். தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பு தமிழில் இருந்தால் பதிவின் முகவரியை பிளாக்கர் ‘பிளாக் போஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் போட்டு, பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். கோலாரும் லேபாக்ஷியும் முகவரியில் ஒரே மாதிரிதான் தெரியும். வெளியிடும் முன்பே பக்கத்திலிருக்கும் அமைப்பில் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாமே கொடுத்துவிடுவது நல்லது.

வேர்ட்பிரஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக எடுத்துக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதுதான் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். அதனால் இருபத்திரண்டு தமிழ்க் குறிகளோடு தலைப்பு பாதியில் வெட்டுப்படும். கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறிகளாகக் கணக்கில் வரும் என்பதால், இரண்டு மூன்று சொல்லிலேயே எல்லை முட்டிவிடும். இங்கேயும் அதே மருந்துதான், முகவரி ஆங்கில எழுத்தில்.

நான் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறியது வரைபடமும் ஊர்வாரியான பட்டியலும் வேண்டியிருந்ததால். மாறியதில் வருத்தமில்லை, ஆனால் செலவு உண்டு. தளத்தை இணையத்தில் வைத்திருக்க இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் முதல் வருடத்துக்குக் காட்டிய விலை வேறு, புதுப்பிக்கும்போது கேட்ட விலை வேறு. வித்தியாசம் சில்லறைக் கணக்கில் இல்லை. வாங்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் புதுப்பிப்பு விலையைத்தான் உண்மையான விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் கட்டிக்கொடுக்கும் நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளக்இன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. ஒவ்வொன்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தளத்துக்கு அதுவே ஓட்டை.

எழுதும் கருவியாகப் போனே போதும். மடிக்கணினி வீட்டில் கடைசித் திருத்தத்துக்கு மட்டும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஊர்ப் பெயரில் தடுமாறும். கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தின் இரைச்சலில் அதை நம்பவே முடியாது. கணினியில் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகிக்கொண்டால் வேகம் கிடைக்கும், ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தாலும் குடி முழுகாது. என் உண்மையான குறிப்பேடு கேமராதான். பேருந்து நிலையத்தின் நேரப் பலகை, கோயில் வாசலில் நடை திறக்கும் நேரம், நுழைவுச்சீட்டு, ஓட்டலின் விலைப்பட்டியல், எல்லாவற்றையும் படமாக எடுத்துவிடுவேன். பல பலகைகள் கன்னடத்தில் மட்டுமே இருக்கும். வீட்டுக்கு வந்து கூகுள் லென்ஸில் காட்டிப் படித்துக்கொள்ளலாம், புரியாத இடத்தில் கீழ்வீட்டுக் கன்னடக்கார அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக நான்கைந்து எம்.பி. இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால், பங்காருபேட்டை நடைமேடையில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது உங்கள் பதிவைத் திறப்பவர் பாவம். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் சில நூறு கே.பி.யில் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். விவரமும் ஒளிந்திருக்கும். கோயிலுக்கு அது பரவாயில்லை. யாரோ ஒருவர் வீட்டில் சாப்பாடு போட்டு உபசரித்ததைப் படமெடுத்துப் போடும்போது அந்த விவரத்தை நீக்கிவிட வேண்டும்.

இப்போது எதை எழுதுவது. நந்தி மலை சூரிய உதயத்தைப் பற்றி எழுதினால் ஏற்கெனவே இருக்கும் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு அடியில் போய்ச் சேரும். என் தளத்தில் வருடக்கணக்கில் விடாமல் ஆள் வந்து படிக்கும் பதிவு தொம்மலூர் சொக்கநாதர் கோயில். இந்திராநகர் மெட்ரோவிலிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது தூரம்தான். சுற்றிலும் ஐ.டி. அலுவலகங்கள், உள்ளே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள். தொம்மலூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயர் இருந்ததை அவை சொல்கின்றன. லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதி, 1905இல் வந்தது, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றினால் எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. பேகூரில் சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த நடுகல் கல்வெட்டில் பெங்களூர்ப் போர் என்ற பேச்சே வருகிறது. பெங்களூரை நிறுவியதாகச் சொல்லும் கெம்பேகவுடாவுக்கு ஆறு நூற்றாண்டுக்கும் முந்தியது! இதைத் தமிழில் நிதானமாக எழுத ஆள் குறைவு. புதியவருக்கு இடம் கிடைப்பது இப்படிப்பட்ட மூலைகளில்தான்.

கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்க வயல், அதைவிட மேல். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பங்காருபேட்டையில் பிரியும் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்களின் பெயரைக் கேட்டாலே போகத் தோன்றும். அந்தப் பதிவுக்கு வருகிற வாசகர்களில் பாதிப் பேர் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் அல்ல. தாத்தா வேலை பார்த்தபோது இருந்த லைன் வீடு (தொழிலாளர் குடியிருப்பு) எந்தப் பக்கம், சர்ச் எங்கே என்று தேடி வருகிறவர்கள். அவர்களுக்கு வர்ணனை தேவையில்லை. எந்த ரயில், எங்கே இறங்குவது, திரும்ப வண்டி உண்டா, இதுதான் வேண்டும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன வேலை வருகிறது. ரயில் நேரத்தைப் பதிவில் எழுதினால் அது பழசாகிக்கொண்டே இருக்கும். மாரிகுப்பத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதினார்: “தம்பி, நீ போட்டிருக்கிற சாயந்திர வண்டி இப்ப அந்த நேரத்துக்கு இல்லப்பா. உன்னை நம்பி வந்தவங்க ஸ்டேஷன்ல உக்காந்திருக்காங்க.” அதற்குப் பிறகு நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். காலையில் எத்தனை வண்டி, கடைசி வண்டி சுமாராக எப்போது, கிளம்பும் முன் ரயில்வே செயலியில் பாருங்கள், இவ்வளவுதான். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ‘கடைசியாகச் சரிபார்த்தது’ என்று மாதமும் வருடமும் போடுகிறேன். வாசகர் நம்பிக்கைக்கு இதைவிட உதவிய விஷயம் வேறில்லை.

மாறுவது ரயில் நேரம் மட்டுமா? 2022 ஜூனில் பையப்பனஹள்ளியில் விஸ்வேஸ்வரய்யா முனையம் திறந்தது, சில ரயில்கள் அங்கே போய்விட்டன. மெட்ரோ ஊதா வழித்தடம் 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை முழுதாக இணைந்தது, கிழக்கே போகும் பதிவுகளின் முதல் பத்தி எல்லாம் மாறியது. அதே வருடம் ஜூனில் சக்தி திட்டம் வந்து, கர்நாடக முகவரி வைத்திருக்கும் பெண்களுக்கு மாநிலத்துக்குள் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை என்றானது. செலவுக் கணக்கைப் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் போட வேண்டியிருந்தது. என் அம்மா ஆதாரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எனக்கு மட்டும்தான் டிக்கெட். லேபாக்ஷி 2022 வரை அனந்தபூர் மாவட்டம், இப்போது ஸ்ரீ சத்ய சாய் மாவட்டம். ராமநகர மாவட்டம் 2025இல் பெங்களூரு தெற்கு ஆகிவிட்டது. புதிதாக எழுத உட்காரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கணிசமானவை இப்படிப் பழையதைத் திருத்துவதிலேயே போகும். இது அலுப்பாக இருக்கும் என்று தோன்றினால் கட்டுரை எழுதுங்கள், வழிகாட்டி எழுதாதீர்கள். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் கட்டுரைக்குக் காலாவதித் தேதி இல்லை.

வாசகர் எப்படி வருகிறார் என்று தெரிந்துகொள்ள கூகுளின் சர்ச் கன்சோலை முதல் நாளே இணைத்துவிட வேண்டும். இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டும். எனக்கு அதில் ஆச்சரியமாக இருந்தது, தமிழ்ப் பதிவைப் படிக்க வருகிறவர்களிலேயே பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள் என்பது. அதனால் ஊர்ப் பெயரை முதல் பத்தியிலேயே ஆங்கில எழுத்திலும் ஒருமுறை சேர்த்துவிடுகிறேன். ஒரு காலத்தில் தமிழ்மணம் போன்ற, பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகளில் இணைத்தால் போதும், ஆள் வரும் என்பார்கள். இப்போது தேடலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும்தான். ரீல்ஸ் போட்டும் பார்த்தேன். அங்கே பார்க்கிறவர்கள் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

பணம்? தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018இலிருந்து தமிழை ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க வீட்டுக்குத் தபாலில் ஒரு எண் வரும், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். தமிழில், அதுவும் ஒரு நகரத்தைச் சுற்றி மட்டும் எழுதினால் அந்த நூறைத் தொட நாளாகும். என் அனுபவத்தில் ஹோஸ்டிங் செலவுக்குக் கிட்டத்தட்ட ஆகிறது. பயணச் செலவு என் சம்பளத்திலிருந்துதான். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் நேரடியாகவே, வேண்டாம்.

வாசகர் எண்ணிக்கை கொஞ்சம் கூடியதும் ரிசார்ட்டுகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். இரண்டு நாள் இலவசமாகத் தங்குங்கள், நல்லதாக நாலு வரி எழுதுங்கள் என்று. போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போனால் அது விளம்பரம் என்று பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பணமாக வாங்காமல் தங்குமிடமாக வாங்கினாலும் அதே கதைதான். நான் ஒரு அழைப்பை ஏற்று, அப்படியே குறிப்பிட்டு எழுதினேன். குளியலறையில் தண்ணீர் வராததையும் சேர்த்துத்தான். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பே இல்லை.

இன்று தொடங்குகிறவருக்கு என் யோசனை: பிளாக்கரிலேயே ஆரம்பியுங்கள், டொமைனுக்கு மட்டும் செலவழியுங்கள், நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறையாவது திரும்பிப் போக முடிகிற தூரத்துக்குள் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். இமயமலைக்கு ஒருமுறை போய்வந்து எழுதும் பதிவை நீங்கள் சரிபார்க்கப் போவதில்லை, முளபாகலுக்கு மறுபடியும் போவீர்கள். வரைபடமும் பட்டியலும் இல்லாமல் முடியாது என்ற நிலை வரும்போது வேர்ட்பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்ளலாம்.