பழைய ஜிப்சிக்குச் சேற்று வேலை: லாக்கருக்குப் பணம் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்த பட்டறை

கோவைப் புறநகரில் உள்ள ஒரு பட்டறையில், என்னுடைய பழைய மாருதி ஜிப்சியைச் சேற்றில் ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றித் தருமாறு விட்டிருந்தேன். அங்கே நடந்த ஏமாற்று வேலையை, குறைந்த செலவில் இதே மாற்றங்களைச் செய்ய நினைப்பவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எந்தெந்த இடத்தில் ஏமாற்ற முடிகிறது என்பது தெரிந்தால் எந்தப் பட்டறையிடமும் விழிப்பாக இருக்கலாம்.

உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் ஜிப்சியைப் பலர் தேடி வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டன்னை ஒட்டிய எடை, நான்கு பக்கமும் கமான் பட்டை, முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து, லோ ரேஞ்சில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றால் கனமான வண்டிகள் புதைந்துவிடும் சேற்றிலும் அது ஏறி வந்துவிடும். இந்த அடிப்படை வலுவை நம்பித்தான் நானும் பேசினேன். பட்டைகளை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றி உயர்த்துவது, 235/75 ஆர்15 அளவில் மட் டயர்கள், பின் ஆக்ஸிலில் ஆட்டோ லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் இரண்டையும் சேர்த்துச் சுழற்றி, திருப்பத்தில் தானாக விடுவிக்கும் கருவி), ஆக்ஸில் பிரீதர் (காற்றுத் துளை) குழாய்களை மேலே கொண்டு செல்வது ஆகிய நான்கு வேலைகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லாக்கருக்கு மட்டுமே போனது.

வண்டியைத் திரும்ப எடுத்த அன்றே, தார்ச் சாலையில் திரும்பும்போதெல்லாம் பின் டயர்கள் தேய்ந்து கிறீச்சிட்டன; மெதுவாகத் திருப்பினாலும் பின்பக்கம் துள்ளியது. கேட்டபோது, “லாக்கர்னா அப்படித்தான் சார் இருக்கும், ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்” என்று பதில் சொன்னார்கள். ஆட்டோ லாக்கர் பொருத்திய வண்டி திருப்பத்தில் டிக் டிக்கென்று ஓசை எழுப்புவதும், சற்று முரண்டு பிடிப்பதும் இயல்புதான். அந்த அரை உண்மையை வைத்துத்தான் அவர்கள் என் வாயை அடைத்தார்கள்.

பொள்ளாச்சியில் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, வண்டியைக் கியரில் போட்டார். ஒரு சக்கரத்தை முன்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எதிர்ச் சக்கரத்தை அவர் பின்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தார். உண்மையான ஆட்டோ லாக்கராக இருந்தால் அது டிக் டிக்கென்று சுழல வேண்டும். என் வண்டியிலோ சக்கரம் இம்மியும் நகரவில்லை. பிறகு ஆக்ஸில் ஷாஃப்டுகளை உருவி, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலை வெளியே எடுத்து, துணியால் எண்ணெயைத் துடைத்துக் காட்டினார். உள்ளே இருந்த, சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பழைய ஸ்பைடர் கியர்களின் பற்களுக்கு நடுவே ஆர்க் வெல்டிங் கட்டி கட்டியாக ஏறியிருந்தது. வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டபோது வெல்டிங் சிதறல்கள் மணல்போல ஒட்டிக்கொண்டு வந்தன. “இது லாக்கர் இல்லைங்க, கியரைப் பத்த வெச்சிருக்காங்க” என்றார்.

கியரைப் பற்றவைப்பது புதிய வித்தை அன்று. சாலையில் ஓடாமல், லாரியில் ஏற்றிச் சென்று போட்டிக் களத்தில் இறக்கும் வண்டிகளுக்குச் சிலர் தெரிந்தே செய்துகொள்வதுண்டு. ஆனால் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இடம் தருவதுதான் டிஃபரென்ஷியலின் வேலை. அதைப் பற்றவைத்துவிட்டால் டயர் தரையில் இழுபட்டே தீரும், ஆக்ஸில் ஷாஃப்ட் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்கப்படும், மழையில் நனைந்த மலைப்பாதையில் பின்பக்கம் வழுக்கி விலகும். சில வெல்டிங் குச்சிகளும் ஒரு வேளைக் கூலியும் மட்டுமே ஆகும் வேலைக்கு லாக்கரின் விலையை வாங்கியது மோசடி. அதைச் சொல்லாமல் குடும்பத்தோடு செல்லும் வண்டியில் செய்து வைத்தது அதைவிடக் கொடிய செயல் என்றே நான் கருதுகிறேன். எனக்குப் பொருத்துவதாகச் சொன்ன வகை லாக்கர் பழைய ஸ்பைடர் கியர்களையும் பக்கக் கியர்களையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் பொருத்தப்படும். ஆகவே கழற்றிய பழைய கியர்களையும், லாக்கர் வந்த பெட்டியையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உயர்த்தும் வேலையும் ஒழுங்காக இல்லை. பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றினால் நான்கைந்து அங்குலம் உயரம் கிடைக்கும் என்பதும், பட்டைக்கு அடியில் தொங்கும் தகடும் யு போல்ட்டும் சேற்றில் மாட்டாது என்பதும் உண்மை. ஆனால் “கிரவுண்ட் கிளியரன்ஸே ஆறு இன்ச் ஏறிடும்” என்று அவர்கள் சொன்னது பொய். சேஸியும் பாடியும்தான் உயர்கின்றன. ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குடம் தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கும், அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 205/70 ஆர்15 டயரிலிருந்து 235/75 ஆர்15 டயருக்கு மாறும்போது விட்டம் ஏறத்தாழ 65 மி.மீ. கூடுவதால், குடத்துக்கு அதில் பாதியான 33 மி.மீ. அளவுதான் கிடைக்கும், வேகமானியும் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும்.

இந்த முறையில் ஆக்ஸில் மீது பட்டை அமரும் புதிய இருக்கைகளைப் பற்றவைக்கும்போது, விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வுக்கு ஏற்ப, அது வந்து சேரும் பினியனைத் திருப்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்டின் மூட்டிலுள்ள ஜாயின்ட் கிராஸ் விரைவில் தேய்ந்து, வண்டி நடுங்கத் தொடங்கும். என் வண்டியில் பழைய கோணத்திலேயே வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் டிராக் லிங்க் தண்டைச் சூடாக்கி வளைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். அது ஓடும்போது விட்டுப்போனால் வண்டி நம் கையில் இருக்காது. பிரேக் ஹோஸ்களோ பழைய நீளத்திலேயே இருந்தன. சேஸியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டபோது முன் ஹோஸ் இரண்டும் கம்பிபோல விறைத்து நின்றதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும் முன்பே இந்தச் சோதனையைப் பட்டறையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பிரீதர் வேலை இன்னும் வெட்கக்கேடு. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். அதனால்தான் அந்தக் குழாயை என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டு செல்கிறோம். என் வண்டியில் மேலே நீல நிறக் குழாய் அழகாக கிளிப் போட்டு நின்றது. கீழே அதன் மறுமுனை எதிலும் பொருத்தப்படாமல் சேஸிக்குப் பின்னால் செருகி வைக்கப்பட்டிருந்தது. பின் ஆக்ஸிலில் இருந்து வடித்த கியர் ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

டயர்கள் புதியவை என்றார்கள். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பல டயர்களில் அந்த முழு எண் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். நான்கு டயர்களிலும் அந்தப் பக்கத்தை உள்நோக்கித் திருப்பிப் பொருத்தியிருந்தார்கள் என்பது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாலிஷைக் கழுவியதும் டயர் முகப்பின் கட்டைகளுக்கு நடுவே வெடிப்புகள் தென்பட்டன.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். “ஆர்.டி.ஓ.வில் எல்லாம் பார்த்துக்கலாம்” என்று சொல்லும் பட்டறை, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்போது உங்கள் அருகில் நிற்காது. மாற்றமே சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் நாம் புகார் கொடுக்க மாட்டோம் என்ற துணிச்சலும் அவர்களுக்கு இருக்கிறது.

பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் சேஸியின் துருவைத் தட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு நல்ல டயர், இணைப்பை நீங்களே கண்ணால் பார்த்த பிரீதர் குழாய், பம்பரில் ஒட்டாமல் சேஸியில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள். உயரமும் லாக்கரும் அதற்குப் பிறகு போதும்.

பட்டறை எனக்குக் கொடுத்தது ரசீது அன்று, கையால் எழுதிய ஒரு தாள். ஆனால் அதில் “லாக்கர் செட்” என்ற வரியும் தொகையும் கையெழுத்தும் இருக்கின்றன. அந்தத் தாளையும், பற்றவைத்த கியர்களையும், படங்களையும், பொள்ளாச்சி மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளித்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும். இதேபோல் பணம் இழந்தவர்கள் பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.