ஏசிக்கு கேஸ் போடச் சொல்லும் முன்: எட்டு வருட அனுபவம்

எங்கள் படுக்கையறையில் இருப்பது ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. உள்ளே ஓடுவது ஆர் 32 என்ற குளிரூட்டும் கேஸ். வாங்கி எட்டு வருடம் ஆகிறது, இப்போது ஒன்பதாவது கோடைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை கம்ப்ரஸரும் போர்டும் மாற்றவில்லை. ஆனால் இரண்டு முறை தேவையே இல்லாமல் கேஸ் போட்டிருக்கிறேன். முக்கியமாக அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் வருடம் வெயில் ஏறத் தொடங்கியதுமே அறை குளிர நேரம் பிடித்தது. மெக்கானிக் வந்து பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுரலாமா?" என்றார். போடச் சொன்னேன். அப்படியே அவுட்டோர் யூனிட்டையும் கழுவிவிட்டுப் போனார். ஏசி நன்றாகக் குளிர்ந்தது. மறு வருடமும் அதே குறை, அதே பதில், அதே செலவு. வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஏசிக்கு கேஸ், ஓட ஓடத் தீர்ந்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

கேஸ் அப்படித் தீராது. மூடிய குழாய்க்குள் அது ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் மேலே மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், பிரஷரும் அதோடு மாறும். மீட்டரை ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்து மட்டும் கேஸ் கம்மி என்று சொல்லிவிட முடியாது.

ஐந்தாம் வருடம் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இரண்டு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்றை இண்டோர் யூனிட்டின் மேல்பக்கம், காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் வைத்தேன். இன்னொன்றைக் காற்று வெளியே வரும் வாயில் தொங்கவிட்டேன். ரிமோட்டில் 16 டிகிரி, ஃபேன் முழு வேகம். கால் மணி நேரம் ஓடவிட்டு இரண்டையும் படித்தேன். சாதாரணமாக இந்த வித்தியாசம் 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் 8-ஐ ஒட்டி வரும். அறை குறைந்தது 25 டிகிரி சூட்டிலாவது இருக்கும்போது அளப்பதுதான் சரி. குளிர்ந்த அறையில் அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

எனக்கு வந்தது 15. குளிர்ச்சி போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த ஏசி, வாயில் கை வைத்தால் ஐஸ் மாதிரி காற்று விடுகிறது! காற்று ஜில்லென்றுதான் வருகிறது, ஆனால் கொஞ்சமாக வருகிறது. ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், சுத்தமாக இருந்தது. டார்ச் எடுத்து காற்று வரும் வாய்க்குள் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே நீள உருளையாக ஒரு ப்ளோயர் சுற்றும், அதில் வரிசையாக வளைந்த சின்னச் சின்னப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் குழிவிலும் கறுப்பாக, நனைந்த பஞ்சு போல அழுக்கு அப்பியிருந்தது. குழிவு நிரம்பிவிட்டால் ப்ளோயர் சுற்றும், காற்றை மட்டும் தள்ளாது.

இந்த முறை வந்தவர் வேறொரு இளைஞர். "தம்பி, கேஸை விட்டுடுங்க, ப்ளோயரைக் கழட்டிக் கழுவணும்" என்றேன். டார்ச்சை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இதை யாரும் கழட்டவே மாட்டாங்க" என்றார். இரண்டு மணி நேர வேலை. மாட்டி ஓட்டியதும் வித்தியாசம் 11. ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இதே அழுக்குதான் சேர்ந்துகொண்டிருந்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் வருடத்துக்கு ஒரு வரி எழுதுகிறேன். தேதி, அறையின் சூடு, வித்தியாசம். வித்தியாசம் ரொம்ப அதிகமானால் காற்று அடைபட்டிருக்கிறது: ஃபில்டர், அதன் பின்னால் காற்றைக் குளிர்விக்கும் காயில் அல்லது ப்ளோயர். ரொம்பக் குறைந்தால் அவுட்டோரில் அழுக்கு, இல்லாவிட்டால் கேஸ். அதனால் எண் குறைந்தால் முதலில் அவுட்டோரைக் கழுவிவிட்டு மறுபடி அளப்பேன்.

ஏழாம் வருடம் கழுவிய பிறகும் 5-க்கு மேல் ஏறவில்லை. அப்போது கேஸ்தான் என்று எனக்கே தெரிந்தது. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் தூசி ஒட்டியிருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால் கசியும் இடத்தில் இப்படி எண்ணெய்க் கறை விழும். அதே தம்பி சோப்பு நுரையைத் தொட்டு வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவில் ஒரு குமிழி எழும்பி, உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று.

சரிசெய்த முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் குறுக்குவழி போகிறார்கள். குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து நட்டைப் பூட்டினார். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு இல்லை என்று உறுதி செய்தார். வேக்வம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். கடைசியாகச் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் லேபிளில் அச்சிட்ட எடைக்குக் கேஸ் ஏற்றினார். ஆர் 32 தீப்பற்றக்கூடியது என்பதால் வேலை முடியும்வரை ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தோம். வெளியே விட்டால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு வலுவுள்ள வாயு அது. ஒவ்வொரு வருடமும் கசியவிட்டு நிரப்புவது பணத்துக்கு மட்டும் கேடு இல்லை.

மற்ற வேலைகளை வெயில் உறைக்க ஒரு மாதம் முன்பே நானே முடித்துவிடுவேன், எல்லாம் எம்சிபியை, அதாவது ஏசிக்கு கரண்ட் போகும் மெயின் சுவிட்சை, ஆஃப் செய்த பிறகுதான். ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைக்கிறேன். வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடுகிறது. அவுட்டோருக்குத் தோட்டத்து ஹோஸ் போதும். ஜெட் பம்ப்பை நெருக்கிப் பிடித்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், ஒரு மூலையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெயிலில் பொடியாகிப்போயிருந்த குழாய் உறையை ஆறாம் வருடம் மாற்றினேன்.

தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். புழுக்கமான நாளில் இந்த அளவு ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட தண்ணீர் விடும். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பைப்பில் ஜெல்லி மாதிரி பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் திரும்பி வந்து கட்டில் மேல் சொட்டும். எங்களுக்கு அது ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு நடந்தது. இப்போது ஒரு குவளைத் தண்ணீரை இண்டோர் யூனிட்டுக்குள் தண்ணீர் சேரும் தட்டில் மெதுவாக ஊற்றி, வெளியே விழுகிறதா என்று மகளை நின்று பார்க்கச் சொல்கிறேன். தயங்கித் தயங்கி வந்தால் வெளிமுனையில் ஈரத்துணி சுற்றி, தண்ணீரையும் இழுக்கும் வேக்வம் க்ளீனரால் உறிஞ்சிவிடுவேன். பைப்பின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கி இருந்தாலும் இதே தொல்லை வரும்.

குளிர்காலத்தில் அவுட்டோரை பிளாஸ்டிக் தாளால் முழுக்க மூடி வைப்பதையும் நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் அப்படி மூடி வைத்ததில் ஈரம் உள்ளேயே நின்று ஸ்க்ரூக்கள் துருப்பிடித்தன, எலி ஒன்று ஃபேனுக்குக் கீழே கூடு கட்டி ஒரு வயரின் தோலைக் கடித்திருந்தது.

போன ஞாயிறு நோட்டில் எழுதிய வரி: அறை 31 டிகிரி, வித்தியாசம் 10.5. அவுட்டோர் ஓடும்போது லேசாக ஓர் அதிர்வுச் சத்தம் வருகிறது. அடியில் உள்ள ரப்பர் புஷ் இறுகிக் கல்லாகிவிட்டது, நான்கையும் இந்த வாரம் மாற்றவேண்டும்.