வெர்டிகல் மவுஸ்: கை தப்பிச்சது, பொறுமை போச்சு

வெர்டிகல் மவுஸ், அதான் படுக்காம நிமிர்ந்து நிக்கற மவுஸ், விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமான்னு ஓசூர்ல இருக்கற மச்சான் கேக்கறான். கேட்ட நேரம் சரியில்ல, நேத்துதான் என்னோடதை ரிப்பேர் பண்ணி வாங்கிட்டு வந்தேன், அந்தக் கடுப்பு இன்னும் அடங்கல.

நமக்கு கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் கம்பெனில கணக்கு வேலை. தோத்தாபுரி லாரி வர ஆரம்பிச்சா எடைச் சீட்டு பூரா எக்செல்ல ஏத்தணும், ராத்திரி வரைக்கும் மவுஸ் கைய விட்டு இறங்காது. பழைய மவுஸ்ல கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் மரத்துப்போய் தூக்கத்துல எழுந்து கைய உதறிட்டு உக்காந்திருப்பேன், சுண்டுவிரல் மட்டும் ஜம்முன்னு இருக்கும். இதைச் சொன்னதுமே பிசியோ அக்கா, மணிக்கட்டு உள்ள போற மீடியன் நரம்பு நசுங்கற மாதிரி இருக்கு, சுண்டுவிரலுக்கு வேற நரம்புன்னாங்க. ராத்திரி மணிக்கட்டு மடங்காம ஸ்பிளின்ட்னு ஒரு விறைப்பான பட்டை கட்டச் சொன்னாங்க. அதோட இந்த மவுஸையும் வாங்கினேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். சாதா மவுஸ்ல உள்ளங்கை கீழ பாத்துட்டு முன்கை முறுக்கியே நிக்கும், இதுல கைகுலுக்கற வாக்குல பிடிக்கறதால அந்த முறுக்கு இல்ல. மரத்துப்போறது நல்லாவே குறைஞ்சிடுச்சு, அது மவுஸாலயா ஸ்பிளின்ட்டாலயான்னு கேட்டா சத்தியமா பிரிச்சு சொல்லத் தெரியாது. முதல்ல தோள்பட்டை வலிச்சது, மேஜை உசரம், கை தூக்கியே இருந்துச்சு. சேரை ஏத்தி காலுக்கு அடியில பழ கிரேட்டைக் கவுத்துப் போட்டதும் சரியாச்சு.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். லெஃப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினா ரெண்டு க்ளிக்கா விழ ஆரம்பிச்சது. 8450ஐ மாத்தி 8540 போடலாம்னு கட்டத்தைத் தொட்டா எடிட் மோடுக்குள்ள போய், அடிக்கறது பழசோட ஒட்டிக்கிட்டு 84508540 கிலோன்னு நிக்குது, அதை ஏத்தற லாரி இன்னும் பொறக்கல. வாரன்டில கேட்டா பெங்களூருக்கு அனுப்புங்கன்றான், சீசன் நடுவுல யாருங்க அனுப்புவா?

ரவுண்டானா பக்கத்துல ஒரு செல்போன் கடை தம்பி பிரிச்சுக் காட்டினான். பட்டனுக்கு அடியில இத்துனூண்டு ஸ்விட்ச், உள்ள ஒரு மெல்லிசு உலோகத் தகடு, அது தேஞ்சு துடிக்கறப்ப ஒரு அமுக்கு ரெண்டா பதியுதாம். புது ஸ்விட்ச் மாத்திக் குடுத்தான், அதுக்குக் காசுன்னு பெருசா இல்ல, கூலிதான். ஆனா ஸ்க்ரூ எல்லாம் அடியில இருக்கற வழுக்குப் பட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அதை உரிச்சதுல ஒரு முனை திரும்ப ஒட்டவே மாட்டேங்குது, இப்ப மேஜைல சொரசொரன்னு இழுக்குது. இவ்ளோ விலை வெச்சு விக்கறவன் ஒரு ஸ்விட்சை ஒழுங்கா போட மாட்டானா, 300 ரூபா மவுஸ்ல எனக்கு இந்தக் கூத்து வந்ததே இல்ல.

வாங்காதடான்னு மச்சான்கிட்ட சொல்லிட்டேன். அப்ப உன்னோடதைக் குடுன்னான். அது எப்படி தர முடியும், மாங்கா வரத்து இன்னும் பாதி கிடக்கு.