எல்கினா, ஹேமல்-என்-ஆர்டாவா?

'ஒயின் ஷாப்' என்று போர்டு மாட்டியிருக்கும். உள்ளே போய் ஒயின் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கேப் டவுனுக்கு வந்தவன் நான். விருந்தாளிகள் வந்தால் எல்லாரையும் போல பக்கத்து ஒயின் ஊரான ஸ்டெல்லன்போஷுக்கே கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் விளைந்த சிவப்பு ஒயின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கெட்டி, காட்டம். வீட்டுக்கு வந்து மீன் குழம்போடு குடித்தால் மிளகாயும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கு எரியும். குளிர்ப் பக்கத்துத் திராட்சை நிதானமாகப் பழுக்கிறது, அதனால் புளிப்பு தங்கிவிடுகிறது. நம் சாப்பாட்டுக்கு அதுதான் தோது. கேப் டவுனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன: எல்கின், ஹேமல்-என்-ஆர்டா.

எல்கினுக்கு என்2 சாலையில் சர் லோரிஸ் கணவாய் ஏறி இறங்க வேண்டும், சுமார் 70 கிலோமீட்டர். கீழே சுள்ளென்று அடித்த வெயில் உச்சி தாண்டியதும் காணாமல் போகும். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி நிலம். தென்கிழக்குக் காற்று வீசினால் மேகம் வந்து பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். காலம் காலமாக இது ஆப்பிள் பூமி. பிள்ளைகள் கேட்கும் ஆப்பிள் பானம் ஆப்பிள்டைசர் 1966-இல் பிறந்ததே இங்குள்ள கிராபோவ் ஊரில்தான்.

ஒயின் பிற்பாடு வந்தது. மூளை அறுவை மருத்துவரான பால் க்ளூவரின் குடும்பம் 1990-களில் தங்கள் பண்ணைப் பெயரிலேயே ஒயின் போடத் தொடங்கியது. ஆண்ட்ரூ கன் 1997-இல் ஒரு பழைய ஆப்பிள் தோட்டத்தை வாங்கி அயோனா ஒயின் பண்ணையை உருவாக்கினார். 420 மீட்டர் உயரம், கடல் கண்ணுக்குத் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த ரிச்சர்ட் கெர்ஷா, உலகில் ஐந்நூறு பேர்கூடத் தேறாத 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' பட்டம் பெற்றவர். அவர் தன் கடையை விரித்ததும் எல்கினில்தான், அதுவும் முக்கியமாக ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சைக்காக.

எல்கின் ஷார்டனேயை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளிய வாசனை. அப்புறம் பச்சை ஆப்பிள். வாயில் வெண்ணெய் கொஞ்சம் தெரியும், ஆனால் விழுங்கியபின் நிற்பது புளிப்புதான். ஆப்பிள் நல்ல காசு தருவதால் சில விவசாயிகள் கொடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆப்பிளுக்கே போய்விட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஹேமல்-என்-ஆர்டா என்றால் விண்ணும் மண்ணும். சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, ஹெர்மனஸ் கடற்கரைக்குப் பின்னால் ஏறிப்போகும் பள்ளத்தாக்கு. இங்கே குளிரைக் கொண்டுவருவது கடல்காற்று. களிமண் கலந்த நிலம். இரண்டும் சேர்ந்து பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சைக்குப் பிடித்துப்போயிற்று. தோல் மெலிந்த, சீக்கிரம் பழுத்துவிடும் பழம் அது. வெயில் கூடினால் ஜாம் மாதிரி ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் விளம்பரத் துறைக்காரரான டிம் ஹாமில்டன் ரசல். 1975-இல் நிலம் வாங்கினார். எங்கே திராட்சை பயிரிடலாம் என்பதையே கோட்டா போட்டுக் கட்டுப்படுத்திய காலம் அது. அந்த முறை 1992-இல்தான் ஒழிந்தது. அவரிடம் ஒயின் வடித்த பீட்டர் ஃபின்லேசன் 1989-இல் பூஷார் ஃபின்லேசன் ஒயின் பண்ணையை ஆரம்பித்தார். பின்னாளில் ஹாமில்டன் ரசல் பண்ணையில் வேலை பார்த்த கெவின் கிராண்ட் அட்டராக்சியாவையும், ஹானஸ் ஸ்டார்ம் தன் பெயரிலேயே ஒன்றையும் தொடங்கினார்கள். ஒரே ஆலமரம், நாலா பக்கமும் விழுது.

அதில் எனக்குப் பிடித்த விழுது பெரீன் சால்ஸ். 2001-இல் ஹாமில்டன் ரசல் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர், படிப்படியாகத் தொழில் கற்று, 2015 அறுவடையிலிருந்து சொந்தமாகப் பினோ நுவார் போடுகிறார். லேபிளில் அவர் பிறந்த ஊர்: டெசலார்ஸ்டால். விடுதலையான அடிமைகளுக்குப் பண்ணைக்காரர் எழுதிவைத்த நிலம் அது. டச்சுக்காரர்கள் கேப்புக்குப் பிடித்துவந்த அடிமைகளில் நம் சோழமண்டலக் கரை ஆட்களும் உண்டு. அதை நினைத்தபின் அந்தப் பாட்டிலைச் சாதாரணமாகத் திறக்க முடியவில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஹேமல்-என்-ஆர்டாவில் டிசம்பர் சனிக்கிழமை ஒன்றில் முன்பதிவு செய்யாமல் போய், ஒரு தோட்டத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோம். விலையும் கையைக் கடிக்கும். ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை போனால் ஹெர்மனஸ் கரையில் நின்றே திமிங்கலம் பார்க்கலாம், குடிக்காதவர்களுக்கும் அலுப்பு இருக்காது. எல்கினில் அந்த வேடிக்கை இல்லை, கூட்டமும் குறைவு. எங்கே போனாலும் மேசையில் துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள், தாத்தாவின் வெற்றிலைப் படிக்கம் மாதிரி. வண்டி ஓட்டுபவர் கூச்சப்படாமல் துப்பிவிடுவது நல்லது, கணவாய் வளைவுகள் அப்படி.

தெற்கே இன்னும் போனால் எலிம் இருக்கிறது. கேப் அகுலாஸ் பக்கம், ஓயாத காற்று, கீறிய குடைமிளகாய் வாசத்தோடு சோவின்யோன் ப்ளாங்க் என்ற வெள்ளை ஒயின். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இடுப்பு போய்விடும்.

டர்பனிலிருந்து வந்த நண்பரிடம் போன மாதம் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். நான்காம் தலைமுறைத் தமிழர்; பிராந்தியைத் தவிர எதையும் மதிக்காதவர். ஸ்னூக் மீன் குழம்பு, சோறு, அப்பளம். ஒருபக்கம் ஹேமல்-என்-ஆர்டா பினோ நுவார், மறுபக்கம் எல்கினின் லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின், ரீஸ்லிங். பினோவை முகர்ந்தார், "நல்லா இருக்கு அண்ணா, ஆனா புளி இதை முழுங்கிடுது" என்றார். உண்மைதான், அதற்கு வறுத்த கோழியோ காளானோ வேண்டும். ரீஸ்லிங்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது அந்தப் பாட்டில் காலியாகியிருந்தது.