அப்பாவின் ஆர்மோனியமும் சுரண்டிய ரீடும்

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். மனசில் நிற்பது அப்பாவின் ஆர்மோனியம் மட்டும்தான்.

குஜராத்தின் பாலிதானா ரீடு போட்ட பெட்டி. ரீடு என்றால் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு. இது டபுள் ரீடு, ஒரு கட்டைக்கு இரண்டு; இரண்டு வரிசையும் ஒரே ஸ்தாயி. ஆறு வருஷமாக யாரும் திறக்கவில்லை. ஆறு கட்டை சுருதியை அழுத்தினால் ஒரு ரீடு நொடிக்கு 440 அதிர்வில் நிற்கிறது, ஜோடி ரீடு 437-க்கு இறங்கியிருக்கிறது. சேர்ந்து ஒலித்தால் சத்தம் நொடிக்கு மூன்று தடவை அலையடிக்கிறது. கேட்கவே சங்கடமாக இருந்தது.

கடைக்குத் தூக்கிப் போனேன். அங்கிருந்த பையன் போனில் சுருதி காட்டும் டியூனரைத் திறந்தான், இறங்கிய ரீடைக் கழற்றாமலே, சுருதியை ஏற்ற நுனியில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தான். “ரெடி சார்.” பத்தே நிமிஷம்! நான் இருக்கும் டொரன்டோவில் என் அக்கார்டியனைச் சுருதி சேர்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று பூரித்துப்போனேன்.

இரண்டு நாள் வாசித்ததும் அதே ரீடு 440-ஐத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம்தான் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பழைய பெட்டிக்காரரைத் தேடிப் போனேன். மார்கழிக்கு முன்னால் வீட்டுக்கே வந்து திண்ணையில் பெட்டியைப் பிரித்துப் போடுவாரே, அவர். எண்பதைத் தாண்டிவிட்டார். ஸ்க்ரூவைக் கழற்றி ரீடை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இங்க பாருங்க தம்பி.”

நாக்கின் அடியில், நுனியோரம், பச்சைக் களிம்பும் தூசியும் அப்பியிருந்தன. நுனியில் பாரம் ஏறினால் சுருதி இறங்கும். துடைத்திருந்தாலே சரியாகியிருக்கும்! அழுக்கை விட்டுவிட்டுப் பித்தளையைச் சுரண்டியிருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க அழுக்கு உதிர்ந்து சுருதி ஏறிவிட்டது. போன பித்தளை போனதுதான். என் அக்கார்டியனைப் பார்க்கும் டொரன்டோக்காரர் ரீடைத் தொடும் முன் துடைத்து, அளந்து, எழுதிக் காட்டுவார். அந்தப் பொறுமை இந்தப் பெரியவரிடம் எப்போதும் உண்டு. கடையில்தான் காணோம்.

மிச்சக் களிம்பையும் துடைத்தார். நாக்குக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, ரிவெட்டுக்குப் பக்கத்தில் மூன்றே கீறல். அங்கே மெலிந்தால் நாக்கு தளர்ந்து சுருதி இறங்கும். பிறகு நுனியை நகத்தால் துளி நிமிர்த்தினார். “படுத்துட்டா மூச்சடைக்கும். ரொம்பத் தூக்கினா காத்து வீண்.” உதட்டில் வைத்து ஊதிக் கேட்டார்.

“ராத்திரி கிடக்கட்டும். பித்தளை அடங்கணும்.”

காலையில் இன்னும் ஒரே ஒரு கீறல். துருத்தியை இழுத்து ஆறு கட்டையை அழுத்தினார். இரண்டு ரீடும் ஒரே குரல். அப்பா உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது.

“நாக்கு மெலிஞ்சிருக்கு. இனிமே இதைச் சுரண்ட விடாதீங்க” என்றார். அந்த ரீடுக்குப் பக்கத்தில், பலகையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.